சாயவேரின் இலை: காலடிப்பேட்டையிலிருந்து ஒரு நெருக்கப் படம்

காலடிப்பேட்டைக்கும் யாருடைய காலடிக்கும் சம்பந்தமில்லை. வடசென்னையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லிவிட்ட விஷயம்தான். ஆனால் இந்தப் பதிவுக்கு அதுதான் வாசல் என்பதால் இன்னொருமுறை சொல்லிவிடுகிறேன். 1717 முதல் 1720 தொடக்கம் வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். திருவொற்றியூரில் அவர் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு ‘காலெட் பேட்டை’. அது மக்கள் நாக்கில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. 2021ல் திறந்த மெட்ரோ நிலையத்தின் பலகையிலும் இன்று அந்தப் பெயர்தான்.

இந்தப் பதிவு பேட்டையின் வரலாறு அல்ல. அந்தக் காலத்துச் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பு கொடுத்த ஒரு பொடிச் செடியைப் பற்றியது. பெயர் சாயவேர். அதன் இலை ஊசிபோல அவ்வளவு சிறியது. அப்படிப்பட்ட இலைகளை நெருங்கிப் பார்த்துப் பதிவு செய்ய, இந்தக் கரையில் 300 வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் விதவிதமான வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். உலர்த்தி ஒட்டினார்கள், துணியில் எழுதினார்கள், தூரிகையால் வரைந்தார்கள், இலையின் மேலேயே மை தடவி அச்சடித்தார்கள். கடைசியாக வந்தது கேமரா. இப்போது மேக்ரோ லென்ஸ் உள்ள மொபைல் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பனித்துளி தொங்கும் இலைப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

என் கேள்வி ஒன்றுதான். ஒரு அழகான இலைப் படம் எப்போது ஆவணம் ஆகிறது?

பேட்டைக்கு ஏன் நெசவாளர்?

திருவொற்றியூர் முதலில் கோட்டைக்குச் சொந்தமான ஊர் அல்ல. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் 1708ல் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டன. பிறகு கை நழுவின. மொகலாயப் பேரரசர் பரூக்சியரின் பர்மானைக் காட்டி 1717ல் அவற்றை மறுபடி கைக்கொண்டவர் காலெட். கையில் வந்த நிலத்தில் அவர் செய்த வேலைகளில் ஒன்று நெசவாளர்களைக் குடியேற்றியது.

காரணம் எளிது. கம்பெனி இங்கே வந்ததே துணிக்காக. தறி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு லாபம். 1734ல் சிந்தாதிரிப்பேட்டை வந்ததும் இதே கணக்கில்தான். அங்கே நூற்பவர், நெய்பவர், துணியில் எழுதுபவர், வெளுப்பவர், சாயமிடுபவர் என்று முழுச் சங்கிலியையுமே குடியேற்றினார்கள். நடுவில் வண்ணாரப்பேட்டை, துணி வெளுத்தவர்களின் பேட்டை. வடசென்னை வரைபடத்தை விரித்து ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் ஒரு ஜவுளித் தொழிற்சாலையின் பிரிவுகளைப் படிப்பதுபோல இருக்கும்.

காலடிப்பேட்டை கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் காலெட் பெயரோடு ஒரு கதை உண்டு. அவரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் வரதராஜரைச் சேவித்துவிட்டு வேலைக்கு வருவாராம். அவருடைய பக்தியைச் சோதித்துப் பார்த்து வியந்த கவர்னர், பெருமாளை இங்கேயே எழுந்தருளச் செய்தார் என்பார்கள். செவிவழி வரலாறு, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

காலெட் இங்கே பேட்டை கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1719ல், லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். இந்தியப் பருத்தித் துணி அணிந்த பெண்களின் உடைமீது மை ஊற்றினார்கள், கிழித்தார்கள். 1700ல் ஏற்கெனவே ஒரு தடைச் சட்டம் வந்திருந்தது. 1721ல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று வந்தது. பிரான்ஸ் 1686லேயே தடை போட்டுவிட்டது. இத்தனை அமளிக்கும் காரணம், தோய்த்தாலும் போகாத நிறத்தில் பூவும் கொடியும் இலையும் எழுதிய துணி. அந்த நிறங்களில் முக்கியமானது சிவப்பு. சிவப்பு வந்தது சாயவேரிலிருந்து.

மணலுக்குள் இருந்த சிவப்பு

சாயவேருக்குச் சித்த மருத்துவத்தில் இம்பூறல் என்று பெயர். தாவரவியலில் ஓல்டன்லாண்டியா அம்பெல்லேட்டா. 1753ல் லின்னேயஸ் வைத்த பெயர். ஓல்டன்லாண்ட் என்பவர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் செடி சேகரித்தவர். நம் கடற்கரை மணலில் தரையோடு படர்ந்து கிடக்கும் செடிக்கு இந்த ஊர்ப்பக்கமே வராத ஒருவர் பெயர்! ஆங்கிலக் கம்பெனியின் ஏடுகளில் இது ‘சாய்’ என்று இருக்கும். அது நம் ‘சாயம்’ போய்ச் சேர்ந்த வடிவம்.

காப்பி, வெட்சி, நுணா எல்லாம் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. நுணா வேரிலிருந்தும் சிவப்புச் சாயம் எடுப்பார்கள் என்பது இங்கே நினைவுக்கு வரலாம். சாயவேரின் இலை நீளம் ஓரிரு சென்டிமீட்டர், அகலம் சில மில்லிமீட்டர். நான்கு இதழ்போலப் பிரிந்த வெள்ளைப் பூக்கள், குடைபோலக் கொத்தாக இருக்கும். நின்று பார்த்தால் கண்ணில் படாது, குனிந்தால்தான் தெரியும். சரக்கு இருப்பது மேலே அல்ல, மணலுக்குள். மெல்லியதாக நீண்டு இறங்கும் வேர், அந்த வேரின் பட்டை. தானாக மணலில் முளைத்த செடியின் வேருக்குத்தான் மதிப்பு அதிகம். யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் சாயவேர் தோண்டுவதை டச்சுக் கம்பெனி தன் பிடிக்குள் வைத்திருந்தது என்றால் அதன் பணமதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

வேரில் இருக்கும் பொருள் அலிசரின். அதை வெறும் துணியில் தடவினால் நிற்காது. படிகாரம் வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியமும், தண்ணீரிலோ வேரிலோ உள்ள கால்சியமும் அலிசரினோடு சேர்ந்தால்தான் அந்தக் கெட்டிச் சிவப்பு.

நீலமாகிப்போன இலைகள்

இந்தத் தொழிலை உட்கார்ந்து கவனித்து எழுதியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். புதுச்சேரியில் 1734 வாக்கில் பொலியூ என்ற கப்பல் அதிகாரி ஒவ்வொரு கட்டத்தையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுத் துணியை வெட்டிக் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்து வைத்தார். நம் பாஷையில் சொன்னால் ஒவ்வொரு ‘ஸ்டெப்’புக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட்! அது இப்போது பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொருவர் சேசு சபைப் பாதிரியார் கெர்டூ. 1742ல் அவர் எழுதிய கடிதம் ஐரோப்பாவில் அச்சாகி, அங்கிருந்த துணி அச்சுக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி ஆனது.

சுருக்கமாகச் செய்முறை இதுதான். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கறுப்புக் கோடு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலால் எழுதுவார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். பிறகு மொத்தத் துணியையும் சாயவேர் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ஒட்டியதை வெளுத்து எடுத்துவிடலாம். நீலத்துக்கு அவுரி. நீலம் படக்கூடாத இடமெல்லாம் மெழுகு.

பச்சை? இங்கேதான் நம் விஷயம் வருகிறது. பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. இலையை முதலில் நீலமாக்கி, அதன்மேல் மஞ்சளை எழுதிப் பச்சையாக்குவார்கள். சிவப்பும் நீலமும் கெட்டிச் சாயம். மஞ்சள் அப்படி அல்ல, வெயிலிலும் தண்ணீரிலும் மெல்ல மெல்லப் போய்விடும். அதனால்தான் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ள சோழமண்டலக் கரைத் துணிகளில் பூ இன்னும் சிவப்பாகவே இருக்க, இலைகள் நீலமாக நிற்கின்றன. பார்க்கிறவர்கள் அதை ஓவியனின் கற்பனை என்று நினைத்துக்கொள்ளலாம். அவன் எழுதியது பச்சை இலைதான். போனது மஞ்சள்.

எந்தப் பதிவு முறையும் இலையை முழுதாகக் காப்பாற்றுவதில்லை என்பதை முதலில் எனக்குச் சொன்னது இந்த நீல இலைகள்தான். எங்கள் தொழிலில் இதற்கு ‘லாஸி கம்ப்ரஷன்’ என்று பெயர். ஃபைலைச் சுருக்கும்போது ஏதோ ஒன்று போகும், எது போனால் பரவாயில்லை என்பதைத்தான் நாம் முடிவு செய்கிறோம். இனி வரும் ஒவ்வொரு முறையையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஒட்டிய செடி: சாமுவேல் பிரவுன்

காலெட் வருவதற்கு 20 வருஷம் முன்னால், கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1690களில் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, காகிதத்தில் ஒட்டிக் கட்டுக் கட்டாக லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர் அவற்றை விவரித்து ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். செடி, அதன் உள்ளூர்ப் பெயர், பயன், சேகரித்த இடம், சில கட்டுகளுக்குச் சேகரித்த நாட்கள்கூட அதில் உண்டு. பிரவுனுக்குப் பின் எட்வர்ட் பல்க்லி என்ற இன்னொரு கோட்டை மருத்துவரும் இதைத் தொடர்ந்தார். அந்தத் தாள்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஹான்ஸ் ஸ்லோனின் தொகுப்புக்குள் பத்திரமாக இருக்கின்றன.

உலர்ந்த செடியில் எது போகிறது? நிறம் போகும், பழுப்பாகிவிடும். பருமன் போகும், தட்டையாகிவிடும். எது நிற்கிறது? கிட்டத்தட்ட மற்றதெல்லாம். அது படம் அல்ல, செடியேதான். 300 வருஷம் கழித்தும் நுண்ணோக்கியை வைத்து இலையின் மயிரை எண்ணலாம். பெயர் மாறினாலும், வகைப்பாடு மாறினாலும், திரும்பப் போய்ச் சரிபார்க்க மூலம் இருக்கிறது.

ஒன்று மட்டும் அந்தத் தாள்களில் இல்லை. தமிழ்ப் பெயரையும் மருந்துப் பயனையும் பிரவுனுக்கு யாரோ சொல்லித்தானே இருக்க வேண்டும்? வெயிலில் கூடப் போய்ச் செடியைக் காட்டியது யார்? அவர்கள் சொன்ன பெயர் ரோமன் எழுத்தில் நிற்கிறது. சொன்னவர்களின் பெயர் இல்லை.

வரைந்த கை: ரங்கையா, கோவிந்து

நூறு வருஷம் தாண்டுவோம். வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற கம்பெனி மருத்துவர், வடக்கே சாமல்கோட்டையில் இருந்துகொண்டு உள்ளூர் ஓவியர்களை வைத்துச் செடிகளை வரையச் செய்தார். ‘கோரமண்டல் கரையின் செடிகள்’ என்ற அவருடைய நூல் 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக, 300 படங்களோடு வந்தது. முதல் தொகுதியிலேயே சாயவேர் இருக்கிறது. படத்தோடு சாயமிடும் முறையையும் விரிவாக எழுதியிருக்கிறார். கம்பெனிக்கு அது செடி மட்டுமல்ல, சரக்கும்கூட. ஆனால் அந்தப் படங்களை வரைந்த இந்தியர்கள் யார் என்று நூல் சொல்வதில்லை.

அந்த வழக்கத்தை மாற்றியவர் ராபர்ட் வைட். 1819ல் சென்னை வந்த ஸ்காட்லாந்து மருத்துவர். 1838க்கும் 1853க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக 2101 படங்களை வெளியிட்டார். கல்லச்சில், சென்னையிலேயே! ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிக்கக் காத்திருந்தால் ஆயுசு போதாது என்று தானே கல்லச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டு இறங்கினார். அவருக்கு வரைந்தவர்கள் முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. தஞ்சாவூர் ஓவிய மரபிலிருந்து வந்த தெலுங்கர்கள். படத்தின் கீழே அவர்கள் பெயரையும் போட்டார் வைட். 1853ல் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார். இப்போது அதை ட்ரோபிடியாவோடு சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பழைய பெயர்கள் தாவரவியல் பட்டியலில் அழிவதில்லை, இணைப்பெயராக நிற்கும்.

இந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் கிளை, இயல்பான அளவில். ஓரத்தில் எண்ணிட்டு வரிசையாகச் சின்னச் சின்ன உறுப்புகள். பிளந்த பூ, மகரந்தப்பை, குறுக்கே வெட்டிய சூலகம், விதை. எல்லாம் நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்துப் பெரிதாக வரைந்தவை. ‘மேக்ரோ’ என்ற சொல் புகைப்படத்துக்கு வருவதற்கு முன்பே மேக்ரோ வேலை செய்தவர்கள் இவர்கள்.

இன்னொரு விஷயம். கேமராவில் ரொம்ப நெருங்கினால், ஃபோகஸ் ஒரு மெல்லிய தகடு அளவுக்குத்தான் கிடைக்கும். பொருளும் சென்சாரில் விழும் பிம்பமும் ஒரே அளவில் இருக்கும்போது, முழு ஃபிரேம் கேமராவில் எஃப் 8 வைத்தாலும் தெளிவு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்தான். அதனால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திப் பத்து இருபது படம் எடுத்து மென்பொருளில் அடுக்குகிறோம். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர். ரங்கையா அதைக் கண்ணாலும் தூரிகையாலும் செய்தார். முன்னிலையும் பின்னிலையும் ஒரே தெளிவு.

வரைபடத்தில் போவது என்ன? அந்த ஒரு செடி போய்விடுகிறது. பூச்சி கடித்த ஓட்டை, காய்ந்த நுனி, ஒடிந்த கிளை எல்லாம் விலக்கி, ‘இந்த இனம் இப்படி இருக்கும்’ என்று ஓவியர் தேர்ந்தெடுத்துத் தருகிறார். அடையாளம் காண அதுவே நல்லது. அதனால்தான் 1982ல் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் பாதிரியார் கே. எம். மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களுக்குப் படத்தொகுதி கொண்டுவந்தபோதும் கோட்டுப்படங்களையே நம்பினார்.

இலையே அச்சு

1857ல் சென்னை அரசு அச்சகத்தின் கண்காணிப்பாளர் ஹென்றி ஸ்மித் ஒரு வினோதமான நூலைக் கொண்டுவந்தார். எந்த முன் தயாரிப்பும் செய்யாத செடிகளிலிருந்து நேராக எடுத்த ‘இயற்கை அச்சு’ மாதிரிகள். வியன்னாவிலும் லண்டனிலும் 1850களில் இதைச் செய்தவர்கள், இலையை ஈயத் தகட்டில் அழுத்தி, அந்தப் பள்ளத்திலிருந்து மின்முறையில் அச்சுத்தகடு செய்தார்கள். பெரிய இயந்திரம், பெரிய செலவு. ஸ்மித் இலையின்மேலேயே மையைப் பூசி, காகிதத்தில் அழுத்தினார். மங்களூரில் பாசல் மிஷன் அச்சகமும் 1862ல் இதே வழியில் இந்தியச் செடிகளை அச்சிட்டது.

நாம் எல்லோரும் சின்ன வயதில் செய்ததுதான், இல்லையா? அரச இலையில் மை தடவி நோட்டில் அழுத்துவோம். நரம்பு அத்தனையும் விழும். எந்த ஓவியரும் எண்ணி வரைய முடியாத நுண் நரம்பும் விழும். பூவும் பருமனும் விழாது. சாயவேர் மாதிரிச் செடியில் கணுவும் பூவும் ஒரே மைத்தீற்றலாகிவிடும். பெரிய இலைக்குச் சரி, பொடிச் செடிக்குச் சரிப்படாது.

புகைப்படமும் ஆரம்பத்தில் இதே வழியில்தான் வந்தது. 1839ல் டால்பட் தன் முறையை இங்கிலாந்தில் அறிவித்தபோது காட்டியவற்றில் இலைப் பதிவுகள் இருந்தன. கேமராவே இல்லாமல், வெள்ளி உப்புப் பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டியது. 1843ல் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளைச் சயனோடைப் தாளில் வைத்து நூலாக்கினார். நீலப் பின்னணி, வெள்ளைச் செடி. நம் துணியில் இலை நீலமானது மஞ்சள் போனதால். அங்கே தாள் நீலமானது இரும்பு உப்பால். இரண்டிலும் பச்சை மட்டும் இல்லை.

உலர்த்திய தாள், இயற்கை அச்சு, டால்பட்டின் தாள் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அளவு. இலை எவ்வளவோ பதிவும் அவ்வளவே, ஒன்றுக்கு ஒன்று. ‘மேக்ரோ’ என்று லென்ஸ்காரர்கள் சரியான பொருளில் சொல்வதும் இந்த ஒன்றுக்கு ஒன்றைத்தான். ஆனால் சென்சாரில் ஒன்றுக்கு ஒன்றாக விழுந்த படம் திரைக்கு வந்ததும் அளவு தொலைந்துபோகிறது. மொபைலில் சாயவேர் இலை வாழை இலை அளவுக்குத் தெரியும்! பழைய முறைகளில் தானாகவே இருந்த தகவலை, இப்போது நாம்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சென்னை மாகாணத்துக்கு 1850களில் அரசுப் புகைப்படக்காரராக இருந்தவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். வகைப்பாட்டியல் தந்தையின் பெயர். ஆனால் 1858ல் அவர் எடுத்தது மதுரை, தஞ்சாவூர்க் கோயில்கள். அதற்குக் காரணம் உண்டு. அன்றைய தட்டுகளுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் வேண்டும். கோபுரம் அசையாது. கடற்காற்றில் பொடிச் செடி ஒரு நொடிகூட நிற்காது.

சரக்கு போனது, செடி மறந்தது

1868ல் பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அடுத்த வருஷமே காப்புரிமை. லண்டனில் பெர்க்கின் ஒரே ஒரு நாள் தாமதமாக விண்ணப்பித்தது தனிக் கதை. சில ஆண்டுகளில் ஆலைச் சரக்கு சந்தையைப் பிடித்தது. வேர் தோண்டும் தொழில் படிப்படியாகச் சாய்ந்தது. மசூலிப்பட்டினம் கலம்காரியிலும் இன்று சிவப்புக்கு அலிசரின்தான்.

விலை போனதும் கவனமும் போனது. 1929ல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பி. வி. மயூரநாதன், சென்னை நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பூக்கும் செடிகளுக்கு ஒரு நூல் எழுதினார். நகரத்தை ஒரு தாவரவியலாளரின் கண்ணோடு வீதி வீதியாகப் பார்த்த அந்த மாதிரி உழைப்பை இன்று யார் செய்வார்கள்? அதற்குப் பிறகு திருவொற்றியூர், மணலி, எண்ணூர்ப் பக்கம் என்னவெல்லாம் வந்தது என்று உங்களுக்கே தெரியும். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம். ஒரு பக்கம் சாம்பல். கடல் பக்கம் அரிப்பு, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறை. சாயவேர் கேட்பது வெறும் திறந்த மணல். இங்கே அதுதான் குறைந்துகொண்டே வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. அலையாத்தி இலைகளில் கறுப்பாக எண்ணெய் அப்பியிருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். இப்படி நடந்த பிறகு வரும் முதல் கேள்வி, “முன்னாடி இங்கே என்ன இருந்தது?” என்பதுதான். பதில் சொல்ல வேண்டியது தேதியும் இடமும் உள்ள பதிவு. பனித்துளியோடு, பின்னணி மங்கலாக, எந்த ஊர் என்று தெரியாத ஒரு பச்சை இலைப் படத்துக்கு அங்கே வேலை இல்லை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்படியென்றால் எப்படி எடுப்பது?

சாயவேரையே எடுத்துக்கொள்வோம். அதே பேரினத்தில் கோரிம்போசா என்று ஒரு உறவு உண்டு. மைதான ஓரத்திலும் சுவர் அடியிலும் வரும் களை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பூ மட்டும் நிறைந்த நெருக்கப் படத்தை வைத்துக்கொண்டு பிரிப்பது கஷ்டம். பார்க்க வேண்டியது பூக்கொத்து காம்பில் எப்படி அமைந்திருக்கிறது, கணுவில் இரண்டு இலைகளுக்கு நடுவே உள்ள இலையடிச் செதில் எப்படி இருக்கிறது என்பவை. அந்தச் செதிலில் மெல்லிய முள்முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை யாரும் அழகு என்று எடுப்பதில்லை. ரங்கையாவும் கோவிந்துவும் விடாமல் வரைந்தது அந்த மாதிரி இடங்களைத்தான்.

எனவே ஒரு செடிக்கு ஐந்து படம். ஒன்று, செடி முழுதும், அது நிற்கும் மண்ணோடு. இரண்டு, கணு. மூன்று, இலையின் மேற்புறம். நான்கு, அடிப்புறம். ஐந்து, பூவோ காயோ, பக்கவாட்டில் காம்போடு. ஏதாவது ஒன்றில் பக்கத்தில் ஒரு ஸ்கேல். நாணயம் வைத்தாலும் போதும்.

வெளிச்சம்: காலை ஏழு மணிக்குள் நல்லது. கடற்காற்று எழுவதற்கு முன் செடி அசையாமல் நிற்கும். வெயில் வந்துவிட்டால் ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்கே பிடித்தால் நிழல் மென்மையாகும். மெல்லிய இலை என்றால் வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி ஒரு படம் கூடுதலாக எடுங்கள். ஸ்மித் மையால் எடுத்த நரம்புகள் உங்களுக்கு ஒளியால் கிடைக்கும். செடியைப் பிடுங்க வேண்டாம்.

மொபைல் படத்தின் ஃபைலுக்குள் தேதியும், லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடமும் தானாகவே பதிந்துவிடும். பிரவுன் கையால் எழுதிய சீட்டு அதுதான். ஆனால் வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அந்தச் சீட்டு கிழிந்துவிடும், இடத் தகவல் போய்விடும். மூலப் படத்தை ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலில் ஏற்றினால் தேதி, இடம், எடுத்தவர் பெயர் மூன்றும் சேர்ந்து நிற்கும். செடியின் பெயர் தெரியாவிட்டாலும் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். அந்த ஊரில் அதற்கு வழங்கும் பெயரை ஒரு பெரியவரிடம் கேட்டுச் சேர்க்க முடிந்தால், பெயரைச் சொன்னவரிடம் அனுமதி கேட்டு அவர் பெயரையும் குறிப்பில் எழுதுங்கள். 1690களில் விட்டுப்போனது அதுதான்.

திருவொற்றியூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய நியாயம் உண்டு. சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது சந்நிதியில் அல்ல, மகிழ மரத்தடியில். தியாகராஜர் கோயிலில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. வாக்கு மீறியபோது செல்லாது என்று தள்ள முடியாத சாட்சியாக நின்றது ஒரு மரம். எந்த மரம், எங்கே நிற்கிறது, எந்த நாளில் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தச் சாட்சி நின்றது. வருகிற மழைக்குப் பிறகு காலடிப்பேட்டைச் சுவரோரத்தில் முளைக்கும் களைகளுக்கும், கடற்கரையில் மிச்சமிருக்கும் மணல் திட்டுகளில் படரும் செடிகளுக்கும் அதே மூன்று விவரங்களோடு படம் எடுத்து வைப்போம். சாயவேர் எங்காவது கண்ணில் பட்டால் கணுவை மறக்காமல் எடுங்கள்.